மில் இருமல்

குருநாதனுக்கு இருமல் புதிதல்ல. சங்கரன்கோவிலுக்கு வெளியே இருந்த நூல் மில்லில் இருபத்திரண்டு வருடம் பஞ்சு அடிக்கும் மெஷினோடு மல்லுக்கட்டியவர். மில்லைப் பூட்டிப் பத்து வருடமாகிறது. இருமலைத்தான் யாரும் பூட்டவில்லை. அவர் தெருவில் பாதி ஆண்களுக்கு அதே கதைதான். 'மில் இருமல்' என்று பேர் வைத்து, யாருடையது மூத்தது என்று போட்டி போடாத குறை. ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டால் தொண்டையில் ஒட்டிய பஞ்சு இறங்கிவிடும் என்று அந்தக் காலத்தில் மில்லில் யாரோ சொன்னதை இன்றைக்கும் வேதவாக்காக நம்புகிறார்கள்.

அதனால் நர்ஸ் பிரேமலதா சளி டப்பாவோடு வாசலில் வந்து நின்றபோது அவர் சிரித்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு மாசமா விடாம இருமுதீங்க. உடம்பும் இளைச்சிட்டு. சளியை மட்டும் குடுங்க, டிபி இருக்கான்னு பாத்திருவோம்."

"இது மில் இருமலும்மா. எனக்குத் தெரியாதா?"

அவர் மனைவி மாரித்தாயும் அவர் பக்கம்தான் நின்றாள். டிபி என்ற சொல் தெருவில் விழுந்துவிட்டால் மகளை யார் பெண் பார்க்க வருவார்கள் என்ற பயம் அவளுக்கு. "இன்னொரு நாள் வா தாயி" என்று அனுப்பினாள். பிரேமலதா மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் காப்பியைக் குடித்துவிட்டு வெறும் டப்பாவோடு போனாள்.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம் மகள் இசக்கிசெல்வி இருமத் தொடங்கினாள். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள். சளிக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். இருபதாம் நாள் காலையில் கைக்குட்டையில் ரத்தம்.

குருநாதன் பழக்கதோஷத்தில் வெல்லத்தை எடுத்து நீட்டினார். "இந்தா மக்கா, வாயில போடு. பஞ்சு இறங்கிரும்."

மாரித்தாய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இவ என்னைக்குங்க மில்லுக்குப் போனா?"

அவர் வெல்லத்தைக் கீழே வைத்தார். அவளே பிரேமலதாவுக்குப் போன் போட்டாள். இரண்டு பேர் சளியிலும் கிருமி இருந்தது. ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் மகளுக்குச் சரியாகிவிடும் என்று பிரேமலதா தைரியம் சொன்னாள். அப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்ததில் ஒரு பக்க நுரையீரல் போய்விட்டது தெரிகிறது, உடனே தென்காசி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றாள்.

பஸ்ஸில் குருநாதன் தன் நுரையீரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புளியங்குடி தாண்டியபிறகு மாரித்தாயிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏட்டி, அவளுக்கு நாந்தான் குடுத்தேனா?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. மூன்று தடவை வெறும் டப்பாவோடு திரும்பிப் போன பிரேமலதா கண்ணில் வந்து நின்றாள்.

"நாம ரெண்டு பேருந்தான்" என்றாள்.