பெட்டிக்குள் ஒரு பனிக்காலம்

என் மனைவி சந்திரலேகா வடதுருவத்துக்குக் கிளம்புகிற நாளும், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மண்டபத்தூர்ப் படகுகள் கடலில் இறங்குகிற நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. ஊரே கடற்கரையில் நிற்கும்போது நான் பேருந்து நிலையத்தில் அவளுடைய பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பனி விலகி மண் தெரிகிற அந்தச் சில வாரங்களில்தான் அங்கே செடிகள் தலை காட்டும். கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே அந்தச் செடிகளை ஆராய்வதையும் வேலையாகக் கொண்டவள் வேறு எப்போது போவாள்?

பக்கத்துக் கோவில்பத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பழைய குளிர்பெட்டி ஒன்று இருக்கிறது. முன்பு ஏதோ ஒரு கடையில் கலர் பாட்டில்கள் அடுக்கியிருந்த பெட்டி அது. இப்போது அதில் மூன்று தொட்டிகள். அவள் விதையிலிருந்து வளர்த்த துருவச் செடிகள். தரையோடு ஒட்டிப் படரும். இலை எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. ஐந்தாறு வருடங்களாகப் பூக்கவில்லை. இந்த வருடம்தான் மொட்டு கட்டியிருந்தது.

"இந்த வீட்ல அது பூத்து நான் ஒரு தடவ பாக்கணுங்க," என்றாள் கிளம்பும்போது. "லைட்ட அணைச்சுடாதீங்க. அங்க இப்ப ராத்திரியே கெடயாது, இதுக்கும் கூடாது. கதவ சும்மா சும்மா தொறக்காதீங்க."

ஜூலையில் ஒரு காலை தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. மின்சாரம் வரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். குளிர்பெட்டியின் வெப்பமானி ஏறத் தொடங்கியபோது நான் சட்டையை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றிருந்தேன். அலுவலகத்தில் அன்று தணிக்கை. விடுப்புக் கேட்க முடியாது.

வாசலில் குஞ்சம்மா மீன் கூவினார். வாரத்தில் நாலு நாள் அவரிடம்தான் மீன் வாங்குவோம். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா தம்பி மூஞ்ச இப்படி வச்சிருக்கீங்க? ஐஸ் தானே வேணும்? சாவியக் குடுத்துட்டுப் போங்க. டீச்சரம்மா புள்ளைவோள நான் பாத்துக்கிறேன்."

சாயங்காலம் திரும்பியபோது மின்சாரம் வந்திருந்தது. கூடத்தின் நடுவே பெரிய தெர்மாகோல் பெட்டி, மேலே ஈரச் சாக்கு. மூடியைத் தூக்கினேன். தொட்டிகளைக் காணோம். விளிம்புவரை பொடித்த ஐஸ்.

அடியில் ஒரு அடுக்கு ஐஸ், அதன் மேல் சரக்கு, அதன் மேல் மறுபடியும் ஐஸ். வஞ்சிரத்தை எப்படி வைப்பாரோ அப்படியே வைத்திருந்தார். தொட்டிகளைச் சுற்றிலும் மட்டும் வைப்பார் என்று நான் நினைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

கையால் தோண்டினேன். உருகிய தண்ணீரில் தொட்டிகள் பாதி முழுகியிருந்தன. இரண்டில் மண் கூழாகி, தொட்டதும் செடி வேரோடு கையில் வந்தது. மூன்றாவது நசுங்கிக் கிடந்தது, ஆனால் மண்ணைப் பிடித்திருந்தது.

சந்திரலேகாவைக் கூப்பிட்டேன். அங்கிருந்து குரல் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பதில் இல்லை. நாங்கள் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் அல்ல. அவளுடைய மௌனங்கள் பலவும் எனக்குப் பழக்கம். இது லைனின் தாமதமா, கோபமா, அழுகையா என்று மட்டும் தெரியவில்லை.

"மேலயும் ஐஸா?"

"ம்."

"வருசத்துல பாதிக்கு மேல பனிக்கு அடியில கெடக்குற சாதிங்க அது. ஐஸ் ஒன்னும் பண்ணாது. தண்ணிதான் அழுகடிக்கும். மொதல்ல தண்ணிய வடிங்க." பிறகு கேட்டாள்: "குஞ்சம்மாக்காவ ஒன்னும் சொல்லிடலயே?"

"இல்ல."

"சொல்லாதீங்க."

தண்ணீரை வடித்து, மிஞ்சிய ஒன்றைக் குளிர்பெட்டியில் வைத்தேன். அதன்பின் அலுவலகம் விட்டு வந்ததும் ஒரு புத்தகத்தோடு அதற்கு எதிரே உட்கார்வது வழக்கமாயிற்று. பக்கம் புரண்டதாக ஞாபகம் இல்லை. குஞ்சம்மா மீன் கூடையோடு எட்டிப் பார்ப்பார்.

"நோயாளி எப்படி தம்பி?"

"அப்படியேதான் இருக்கு."

"கஞ்சி ஏதும் கேக்குதா?" என்பார். சிரித்தாலும், பார்க்காமல் ஒரு நாளும் போனதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு மொட்டின் நுனியில் ஊதா தெரிந்தது. சந்திரலேகா சென்னை வந்து இறங்கியிருந்தாள். இரவுப் பேருந்தில் ஏறுவாள். நான் ஃபோனில் சொல்லவில்லை. விரிந்து, அவள் வருவதற்குள் உதிர்ந்துவிட்டால் என்ன செய்வது?

காலையில் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகக் குளிர்பெட்டிக்குப் போய்க் கதவைத் திறந்து மண்டியிட்டாள். பூ விரிந்திருந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அந்த இலைகளுக்கு அது ரொம்பப் பெரிய பூ.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த ஐஸ்ல கெடந்து எந்திரிச்சதும், பனிக்காலம் முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்கிச்சா?" என்றேன்.

"தெரியலங்க. ஒரே ஒரு செடிய வச்சு என்ன சொல்றது? மத்த ரெண்டும் இருந்தா ஒத்துப் பாக்கலாம்." முகர்ந்தாள். புருவம் சுருங்கியது. "என்னங்க, மத்தி வாசன அடிக்குது!"

"எம்பொட்டியில படுத்து எந்திரிச்சது. பின்ன மல்லியப்பூவாட்டமா மணக்கும்?" வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் குஞ்சம்மா உள்ளே வந்தார்.

சந்திரலேகா சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பார்க்கட்டும் என்று நகர்ந்து இடம் விட்டாள். குஞ்சம்மா குனிந்து பார்த்தார். கேலி எதுவும் வரவில்லை. திறந்த கதவு வழியே குளிர் எங்கள் முழங்காலில் வழிந்துகொண்டிருந்தது.

"கதவ சாத்துங்க டீச்சரம்மா," என்றார் குஞ்சம்மா கடைசியில். "குளுரு வீணாப் போவுது."