தோன் எவெலியோவுக்கு முகம் கிடையாது

ஆறு வருஷமாக நான் ஆம்பளை. வாட்ஸ்அப்பில் மட்டும். மற்ற நேரமெல்லாம் அராசெலி, வயது ஐம்பத்தெட்டு, விதவை, கொலம்பியாவின் காலி நகரத்தில், ஒப்ரேரோ பேட்டையில் மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் வீட்டில் தேடினால் கிடைக்க மாட்டேன், நடனம் ஆடப் போயிருப்பேன்.

ஆம்பளையானதற்குக் காரணம் என் வியாபாரம். ஆண்களுக்கான வயிற்றுக் கச்சை தைத்து இணையத்தில் விற்கிறேன். முன்னால் மூன்று வரிசைக் கொக்கி, முதுகில் இரட்டைத் தையல். மாட்டிக்கொண்டால் தொப்பை எங்கே போனது என்று போட்டவருக்கே தெரியாது. பெண்களுக்கான கச்சை இந்தக் கொலம்பியாவில் எந்தக் கடைத்தெருவிலும் பொம்மைக்கு மாட்டித் தொங்கும், யாரும் வெட்கப்படுவதில்லை. ஆண்கள் மட்டும் தங்களுக்கு அப்படி ஒன்று தேவையே இல்லை என்று சொல்லிக்கொண்டே வாங்குவார்கள்.

முதலில் என் சொந்தப் பெயரில்தான் ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் ஒரே ஒரு ஆள் எழுதினான், அவனும் அண்ணனுக்காக என்றான். எரிச்சலில், செத்துப்போன என் பெரியப்பாவின் மீசைப் படத்தைப் போட்டு, பெயரை 'தோன் எவெலியோ', அதாவது எவெலியோ ஐயா, என்று மாற்றினேன். அந்த வாரமே பதினாலு பேர் இடுப்பு அளவை அனுப்பினார்கள். அளவோடு நிற்கவும் இல்லை. மூட்டுவலி, மருமகள், தூக்கம் வராதது எல்லாவற்றையும் எவெலியோவிடம் கொட்டினார்கள். பேசலாமா என்று யாராவது கேட்டால், எவெலியோவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று எழுதிவிடுவேன். பொட்டலத்தின் மேல் 'மோட்டார் உதிரி பாகம்' என்று லேபிள் ஒட்டி அனுப்புவேன். வீட்டில் யார் வாங்கி வைத்தாலும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

எல்லாம் சரி, ஒரே ஒரு தொல்லை. மற்ற வியாபாரத்தில் ஒருவருக்குப் பொருள் பிடித்தால் நாலு பேரிடம் சொல்வார், கடை வளரும். என் ஆட்கள் செத்தாலும் சொல்ல மாட்டார்கள். எத்தனைக்கெத்தனை திருப்தியோ அத்தனைக்கத்தனை கப்சிப். முந்நூற்று நாற்பது வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். இரண்டு வருஷமாக அதே முந்நூற்று நாற்பதுதான்.

துணி வெட்டுவதும் பொட்டலம் கட்டுவதும் என் தங்கை அம்பாரோ. அவள் பேட்டைச் சங்கத்தில் இரண்டு வாரம் வகுப்புக்குப் போய்விட்டு ஒரு நோட்டோடு வந்து நின்றாள்.

"அக்கா, இன்ஸ்டாகிராம்ல இல்லாத கடை கடையே இல்லையாம்."

"யாரு சொன்னா?"

"கிளாஸ் எடுத்தவரு."

"அவர் இடுப்பு எத்தனை?"

"ஒல்லிதான்."

"அப்ப அவருக்கு என்னடி தெரியும்? நம்ம ஆளுங்க பொட்டலம் வாங்க ரெண்டு தெரு தள்ளி வந்து நிக்கறவங்க. ஊரே பாக்க லைக் போடுவாங்களா?"

"லைக் எதுக்கு? திருட்டுத்தனமா பாத்தா போதும். பதினஞ்சு நாள் குடு. ஓடலேன்னா நானே மூடிடறேன்."

என் முகம் வராது என்ற நிபந்தனையோடு சரி என்றேன். அம்பாரோ பொம்மை ஒன்றுக்குத் தலையணையைக் கட்டித் தொப்பை வைத்தாள். பாட்டுக்குத் தகுந்தபடி ஒவ்வொரு கொக்கியாக மாட்டினாள், தலையணை காணாமல் போனது. பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது, எனக்கே சிரிப்பு வந்தது. நாலே நாளில் பத்தொன்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அம்பாரோ மணிக்கொரு தரம் எண்ணிக்கையைக் கத்திச் சொன்னாள். பக்கத்தைத் தொடர்ந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பெயர்களைப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டும் பெண்கள்.

"வாங்கறது யாரு, பேரைச் சொல்லுங்க", "கணக்கு வாத்தியார் வாங்கினாரா?", "சர்ச்சுல பாடறாரே அவரு?" என்று கேள்வி குவிந்தது. ஒருத்தருக்கும் கச்சை வேண்டாம், ஆள் யார் என்றுதான் வேண்டும்.

அதற்கும் மேல் அம்பாரோ ஒரு காரியம் செய்தாள். பொட்டலம் எவ்வளவு அழகாகக் கட்டுகிறோம் என்று காட்ட இரண்டாவது வீடியோ போட்டாள். லேபிளோடு. அரை மணி நேரத்தில் ஒரு அம்மாள் எழுதினாள்: "எங்க வீட்டுக்காரருக்கு மோட்டார் பைக்கே கிடையாது. இந்த வருஷம் மட்டும் மூணு உதிரி பாகம் வந்திருக்கு." அதன் கீழே நாற்பது பேர் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள்.

வீடியோவை எடுப்பதற்குள் ஒன்பது பேர் எவெலியோவிடம் தங்கள் நம்பரை அழிக்கச் சொல்லிவிட்டார்கள். இடுப்பு அளவு அனுப்பியவர் ஒருவர்கூட இல்லை. நான் கத்த வாயைத் திறந்தேன், அம்பாரோ நோட்டைத் திறந்தாள்.

"முகம் இல்லாததுதான் கோளாறு அக்கா. வியாபாரத்துக்குப் பின்னாடி யார் இருக்கான்னு தெரிஞ்சாத்தான் நம்பிக்கை வருமாம். நீ கேமரா முன்னாடி வந்து பேசு."

அவளுக்கு நான் பதில் சொல்வதற்குள் எவெலியோவுக்கு ஒரு செய்தி வந்தது. எழுதியவர் ஒத்தோனியேல்.

ஒத்தோனியேல் யார் என்று சொல்ல வேண்டும். கரும்பாலையில் ஓய்வு பெற்றவர், அறுபத்துமூன்று, மனைவி இறந்து ஏழு வருஷம். ஞாயிற்றுக்கிழமை முதியோர் ஆட்டக் கூடத்தில் நாலு வருஷமாக என் ஜோடி. வெள்ளைக் கால்சட்டை, இரண்டு நிற ஷூ, விறைப்பான முதுகு. அந்த விறைப்பு என் கைத்தையல். ஆடும்போது அவர் முதுகில் கை வைத்தால் இரட்டைத் தையல் விரலில் படும், நான் வாயைத் திறந்ததில்லை. அவருக்கு நான் வெறும் அராசெலி. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும், வாரத்தில் ஆறு நாள் அந்த ஏழாவது நாளுக்காகத்தான் போகிறது.

செய்தி இதுதான்.

"எவெலியோ அண்ணே, உங்க வீடியோ பாத்ததுலேர்ந்து தூக்கம் போச்சு. என்னோட ஆடற அம்மா ஒருத்தங்க இருக்காங்க, அராசெலின்னு பேரு. அந்த மாதிரி ஆட்டத்தை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. என் வீட்டுக்கே வந்துடுங்கன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. ஆனா வீட்ல நான் இதைக் கழட்டியாகணுமே. அந்தம்மாவுக்கோ வாய் நிக்காது. அன்சிசார்னு ஒருத்தன் பல்செட் வெச்சதை, பாவம் அவன் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி கூடம் பூரா சொல்லிட்டாங்க. என் தொப்பை விஷயம் தெரிஞ்சா திங்கக்கிழமை பேட்டையே சிரிக்கும். கேக்கட்டா, இல்ல விட்டுடட்டா?"

இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை காது வரைக்கும் சந்தோஷம். இரண்டாவது தடவை கத்திரிக்கோலைத் தூக்கி மேஜையில் எறிந்தேன்.

"வாய் நிக்காதாம்! எனக்காம்! முந்நூத்து நாப்பது பேர் இடுப்பை ஆறு வருஷமா இந்தத் தொண்டைக்குள்ள வெச்சிருக்கேன்டி!"

"பல்செட் விஷயத்தை நீதானே சொன்னே?" என்றாள் அம்பாரோ.

"பல்செட் என் வியாபாரம் இல்லையே!"

அம்பாரோவும் செய்தியைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். "நல்லதாப் போச்சு. வீடியோவுல முகத்தைக் காட்டு. நாலு வருஷமா நீ மூச்சு விடலேன்னு அவரே புரிஞ்சுக்குவாரு."

"அவர் மட்டுமா புரிஞ்சுக்குவாரு? மிச்சப் பேரும்தான். ஞாயித்துக்கிழமை நான் கூடத்துல நுழைஞ்சா பாதி ஆம்பளைங்க கக்கூஸுக்கு ஓடுவாங்க. அத்தோட கடையை இழுத்து மூட வேண்டியதுதான்."

"அப்ப முகத்தைக் காட்டாதே. அவர் கேக்கவும் மாட்டாரு."

அதுதான் விஷயம். எனக்கு வாய் அடக்கம் உண்டு என்பதற்கு இருந்த ஒரே சாட்சி, வெளியே சொல்லக் கூடாத அந்த வியாபாரம். காட்டினால் வியாபாரம் போகும், மறைத்தால் மனுஷர் போவார். எவெலியோவாக, "ஞாயிறு கழிந்து பதில் சொல்கிறேன்" என்று எழுதிவிட்டு அழுதேன். கொஞ்ச நேரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. ஆளுக்கொரு லுலாதா பழரசம் குடித்துவிட்டு எழுந்தோம். இரண்டாவது பாட்டில், அவர் காதருகே போய் மெதுவாகச் சொன்னேன்.

"மூணாவது கொக்கியிலேர்ந்து ரெண்டாவதுக்கு வந்துட்டீங்க போல. பெரிய அளவு கேட்டிருந்தீங்களே, தைச்சாச்சு. புதன்கிழமை அனுப்பறேன்."

அவர் கால் நின்றுவிட்டது. இந்த நாலு வருஷத்தில் அவர் தாளம் தப்பி நான் பார்த்ததில்லை.

"நீங்க... எவெலியோ அண்ணனுக்கு உறவா?"

"எவெலியோவே நான்தான்."

"மீசை?"

"பெரியப்பாவோடது."

என் கையை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்ப நான் எழுதினதெல்லாம்?" என்றார்.

"படிச்சேன். வாய் நிக்காதுங்கறதையும் படிச்சேன். ரெண்டு வருஷம் முன்னாடி மூல வியாதி ஆபரேஷன்னு எழுதினீங்களே, அதையும்தான். இத்தனை நாள்ல யாராவது உங்ககிட்ட அதைப் பத்தி விசாரிச்சாங்களா?"

"இல்ல."

"ஆம்பளைன்னு ஏமாத்தினது தப்புதான். திட்டணும்னா திட்டிடுங்க, கேட்டுக்கறேன்."

திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த அன்சிசார் கச்சை போட்டிருக்கானா?"

"லுலாதா இன்னிக்கு இனிப்பு ஜாஸ்தி."

"வாயைத் திறக்க வேணாம். தலையை மட்டும் ஆட்டுங்க."

நான் ஆட்டவில்லை. டிரம்பெட் வாசிப்பவரைக் காட்டினார், எட்டாம் மேஜைக்காரரைக் காட்டினார், வாசலில் டிக்கெட் கிழிப்பவரையும் விடவில்லை. மூன்று பாட்டு கெஞ்சிப் பார்த்தார். எனக்கு நாக்கு அரித்தது, மறைப்பானேன், எட்டாம் மேஜை அவ்வளவு நல்ல கதை. ஆனாலும் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வாங்க ஆடலாம்" என்றார். வீட்டுக்கு வரச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு வீடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துபோனது என்றுதான் தோன்றியது.

திங்கட்கிழமை காலை, காபி வைப்பதற்குள் போன் கத்தியது. தெரியாத நம்பர்.

"வணக்கம் தோன்யா அராசெலி. ஒத்தோனியேல் சொன்னான். தலையை வெட்டினாலும் நீங்க சொல்ல மாட்டீங்களாமே. எனக்கு நாப்பத்திரெண்டு அங்குலம்."

அடுத்து இன்னொன்று. மதியத்துக்குள் இருபத்தொன்று.

மூலை பேக்கரிக்கு ஓடினேன். அங்கே நடந்ததைக் கல்லாவில் இருந்த பெண்ணே ஒப்பித்தாள். காலை ஏழு மணிக்கு ஒத்தோனியேல் வந்திருக்கிறார். பாண்டெபோனோ ரொட்டியும் காபியுமாக இருந்த அத்தனை ஆண்கள் நடுவிலும் எழுந்து நின்று, "அராசெலி மாதிரி ரகசியம் காக்கற பொம்பளை உலகத்துலயே கிடையாது. நாலு வருஷம்! என்கிட்டக்கூட ஒரு சொல் இல்ல!" என்று சட்டையைத் தூக்கிக் கச்சையைக் காட்டியிருக்கிறார். என் வாயடக்கத்தைப் பேட்டை முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார் அந்தப் புண்ணியவான். ஓடிப்போன ஒன்பது பேரில் ஆறு பேர் சாயங்காலமே திரும்பி வந்தார்கள்.

அம்பாரோ கச்சைத் துணியை விரித்துப் போட்டபடியே இன்ஸ்டாகிராம் பக்கத்தை மூடினாள். "பத்தொன்பதாயிரம் பேர் பாத்து ஒண்ணும் வரல. ஒரு கிழவர் சட்டையைத் தூக்கினாரு, இருபத்தொண்ணு. இது நோட்டுலயே இல்லையே அக்கா." அந்த வாரம் முழுவதும் ஒத்தோனியேல் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் என் வியாபாரத்தை அம்பலத்தில் ஏற்றிவிட்டாரே என்று கோபம், அதனாலேயே வியாபாரம் நன்றாக ஓடுகிறதே என்று அதைவிடக் கோபம்.

அடுத்த ஞாயிறு அவர் கூடத்துக்குள் நுழைந்தபோது முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதே வெள்ளைக் கால்சட்டை, அதே ஷூ. ஆனால் சட்டைப் பொத்தான்கள் தெறிக்கிற மாதிரி முன்னால் ஒரு பெரிய, தாராளமான தொப்பை. கச்சை போடாமல் வந்திருந்தார். யாரோ விசிலடித்தார்கள், எட்டாம் மேஜைக்காரர் கைதட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

"இவ்வளவுதான் நான்," என்றார் கிட்டே வந்து. "என் வீட்டுக்கு வர்றீங்களா?"

"தையல் மெஷினைத் தூக்கிட்டு வர முடியாது. நீங்க என் வீட்டுக்கு வந்துடுங்க."

"வர்றேன்."

"ஆனா என் போனைத் தொடக் கூடாது."

"அதுல அப்படி என்ன இருக்கு?"

"முந்நூத்தம்பத்தெட்டு பேரோட மானம்."

அவர் சிரித்தார், அந்தத் தொப்பை முழுவதும் குலுங்கியது. ஆடும்போது அது நடுவில் வந்து இடித்துக்கொண்டே இருந்தது, இரண்டு தடவை என் காலையும் மிதித்தார். ஆறு மணி வரைக்கும் ஆடினோம்.