எட்டாவது வரி

பதிப்புரிமையின் வரலாறு என்று மான்ட்ரியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துவிட்டு, செத்தவர்களின் நினைவு மலர்களைச் சேகரித்துத் திரிகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். யாழ்ப்பாணத்தார் முப்பத்தோராம் நாள் அச்சிட்டுக் கொடுக்கும் சிறு புத்தகம் அது. உள்ளே மனைவி புலம்பல், தந்தை புலம்பல் என்று பாட்டுகள் இருக்கும். எழுதியவர் பெயர் இருக்காது. அச்சகத்தில் பழைய மலர் ஒன்றைக் காட்டி, பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். அதை யாரும் திருட்டு என்று நினைப்பதில்லை.

இங்கே செயின்ட்-மிஷேல் பகுதியில் இருக்கும் ஜெகதீஸ்வரி ஆன்ட்டிக்கு மட்டும் கோபம். 2003இல் இறந்த மகள் கஜந்தினிக்காகத் தன் கணவர் தியாகராசா எழுதிய பாட்டை ஊரே எடுத்துக்கொண்டது என்றார். இப்போது கணவரும் இல்லை.

“உது அவர் எழுதினது எண்டு உங்கட ஆராய்ச்சியில பேர் போடுங்கோ பிள்ளை. மகள் போனதுக்கு அவர் எனக்கு முன்னால ஒருநாளும் அழேல்லை. அந்தப் பாட்டு ஒண்டுதான் இருக்கு.”

பதினான்கு மலர்களைத் தேதிவாரியாக அடுக்கி, வரி வரியாக ஒப்பிட்டேன். என் வேலையே அதுதான். அன்றைக்கு அந்த வேலையை வெறுத்தேன். அவர் பாட்டின் எட்டு வரிகளில் ஏழு, 1996இல் பக்கத்து நகரமான லொங்குய்யில் யாருக்கோ அடித்த மலரில் அப்படியே இருந்தன.

சொல்லாமல் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு போனேன்.

“ஏழு வரி அவரோடது இல்ல ஆன்ட்டி. ஆனா எட்டாவது வரி அவரோடதுதான். அதுக்கு முன்னாடி எந்த மலர்லயும் இல்ல.”

ஆறுதல் சொல்கிறேன் என்றுதான் நினைப்பு எனக்கு. வாசித்து வேறு காட்டினேன்: “கதவு பூட்டவில்லை மகளே, தட்டாமல் உள்ளே வா.”

தேத்தண்ணியில் ஆடை படிந்தது.

“அண்டைக்குப் பின்னேரம் கதவைப் பூட்டினது நான்,” என்றார். “என்னோட சண்டை பிடிச்சிட்டுப் போனவள், திரும்பி வந்து தட்டினவள். கொஞ்சம் நிக்கட்டும் எண்டு விட்டன். திரும்பி மெட்ரோவுக்கு நடக்கேக்கைதான் பனியில சறுக்கின கார் அடிச்சது. அவள் வீட்டுப்பக்கம் வரவேயில்லை எண்டு அவருக்குச் சொன்னன். இந்த வரியையும் பாட்டோட பாட்டா வாசிச்சிட்டன். பாட்டெண்டா இப்பிடித்தானே இருக்கும் எண்டு.”

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. ஆராய்ச்சிக்கான ஒப்புதல் படிவத்தை என் பையிலிருந்து அவரே எடுத்து, கணவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“அந்த ஒரு வரிக்கு மட்டும் பேர் போடுங்கோ. அவருக்குத் தெரிஞ்சிருக்கு பிள்ளை. பதினாறு வருசம் எனக்குப் பக்கத்தில இருந்து சாப்பிட்டவர். ஒரு வார்த்தை கேக்கேல்லை.”