நினைவு தப்பிய தலைவர்

தணிக்கைத் துறையின் ஜீப் வாசலில் வந்து நின்றதும் குமாரசாமி சலவை வேட்டிக்கு மாறிக்கொண்டுதான் வெளியே வந்தார். எழுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாத மனிதர். இறங்கியவள் ஜெபராணி என்ற இளம் அதிகாரி. சூலூர் விசைத்தறிக்காரர் சங்கத்துக்கு வந்த அரசு மானியத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றாள்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"அந்தக் கேசு போன வருசமே முடிஞ்சுபோச்சுங்களே அம்மணி. முடிஞ்சதைக் கெளர்றதுக்குன்னு ஒரு ஆபீசுங்களா?"

சங்கத்துக்கு அவர் தலைவர், மகன் தனபால் செயலாளர். அறுபது தறிக்காரர்கள் தறியில் ஏற்றும் நெடுக்கு நூலான பாவைப் பொதுவில் ஓட்டிக்கொள்ள ஒரு மிஷின் வாங்கச் சொல்லி அரசு நாற்பது லட்சம் கொடுத்தது. வந்த மிஷின் தனபாலின் சொந்த மில்லில் போய் உட்கார்ந்தது. யாரோ மனுப் போட்டார்கள், மானியம் கொடுத்த துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. தனபால் பார்க்க வேண்டியவர்களைப் பார்த்து, ஒன்பது லட்சம் கட்டிச் சமரசம் செய்துகொண்டான். நம் மேல் தப்பில்லை என்று துறையே எழுதிக் கொடுத்துவிட்டதாக அப்பனிடம் சொன்னான். அவர் அந்தக் கடித உறையைப் பிரிக்கக்கூட இல்லை. அப்படியே குலதெய்வத்தின் காலடியில் வைத்து, பங்காளிகள் பார்க்க முதல் மரியாதை வாங்கினார்.

அந்தத் துறை எதற்காக மீதி முப்பத்தொரு லட்சத்தை விட்டுக் கொடுத்தது என்று பார்ப்பதுதான் தன் வேலை என்றாள் ஜெபராணி. காரணம் எழுதியிருந்த பக்கத்தை எடுத்து நீட்டினாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சங்கத் தலைவர் முதுமையால் நினைவு தப்பியவர். விவரம் அறியாமல் அவர் இட்ட கையெழுத்தால் மிஷின் இடம் மாறிவிட்டது. கெட்ட நோக்கம் இல்லாததால் சலுகை தரலாம். அடியில் தனபாலின் கையெழுத்து. அதற்கும் அடியில், தலைவரை நேரில் விசாரித்து உறுதி செய்ததாக ஓர் அதிகாரியின் கையெழுத்து.

நேரில் விசாரித்தானாம். இந்த வாசற்படியை மிதிக்காதவன். அறுபது தறிக்காரர்களின் பெயரையும் அவர்கள் அப்பன் பெயரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவரைப் புத்தி பேதலித்தவராக்கி, அதைக் காட்டி ஊர்ப் பணத்தைத் தள்ளுபடி செய்திருக்கிறார்கள். சம்பளம் வாங்குகிற ஒருத்தனும் அவர் பெற்ற ஒருத்தனும் சேர்ந்து.

அதற்குள் தனபால் மில்லிலிருந்து ஓடிவந்தான். அப்பனை ஓரமாக அழைத்தான். அவர் நகரவில்லை.

"அது சும்மா பேப்பருக்குங்கப்பா. உங்களை ஆரு அப்படி நெனைக்கப் போறாங்க? ஒண்ணும் பேசாம இருங்க, தானா போயிரும். அக்ஷிதாவுக்கு மாப்பிள்ளை பாக்கற நேரமுங்க."

"பேத்திக்கு மாப்பிள்ளை பாக்கறதுக்கு, தாத்தன் கிறுக்கன்னு சர்ட்டிபிகேட்டு வாங்கிப்போட்டயா?" என்றார்.

ஜெபராணி மெல்ல இடைமறித்தாள். அவருக்கு நினைவு நன்றாக இருக்கிறது என்று தான் எழுதினால் சமரசம் நிற்காது, வழக்கு மறுபடி உயிர் பெறும் என்றாள். பிறகு கேட்டாள்: "மிஷின் மில்லுக்குப் போனது உங்களுக்குத் தெரியாமத்தானுங்களே ஐயா?"

அவர் தப்பிக்க அவள் திறந்துவைத்த கதவு அது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், புத்தியும் நிற்கும், பேரும் நிற்கும். பழி தனபால் ஒருத்தனோடு போய்விடும்.

"தெரியுமுங்க. லாரியில இருந்து எறக்கறப்பத் தேங்கா ஒடைச்சதே நாந்தானுங்க. தறி ஓட்டற பாத்திமுத்து மூணு தடவை வந்து, மிஷின் எங்கீங்கன்னு கேட்டா. ஊட்டுப் பேரு கெட்டுப்போயிருமேன்னு, பாக்கலாம் போன்னு அனுப்பிச்சுப்போட்டேன். அதையும் எழுதிக்குங்க."

"அப்ப உங்க மேலயும் வழக்கு வருமுங்க."

"வரட்டும். தப்புப் பண்ணுனவன்னு எழுதுனா ஒத்துக்கறேனுங்க. புத்தியில்லாதவன்னு எழுதுனதை மட்டும் அடிச்சுப்போடுங்க."

அவள் எழுதி முடித்துப் படித்துக் காட்டினாள். தனபால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியவர் கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டு, பேனாவை வாங்கும்முன் விரலை ஒரு வரியின் மேல் வைத்தார்.

"தேதி தப்புங்க அம்மணி. மிஷின் வந்து எறங்குனது ஆவணி ரெண்டாம் புதன்."

திருத்தி எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.