லாச்சர் என்றொரு ஆள்

சவப்பெட்டி தூக்க ஆறாவது ஆளாக வந்து நின்ற பெரியவரை அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. டோறின் அவருடைய கோட்டில் வெள்ளைப் பூவைக் குத்திவிட்டாள்.

"உங்க மாமனாரை நான் பார்த்ததே இல்லையம்மா," என்று அவர் ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார். "ஆனா ஒரு மனுசன் கடைசி மூச்சில என் பேரைச் சொன்னா வராம இருக்க முடியுமா?"

அவர் பெயர் லாச்சர். ஒடாஹுஹுவில் இருந்து இரண்டு பஸ் மாறி, முட்டை சாண்ட்விச்சோடு வந்திருந்தார்.

எல்லாம் அவள் கணவன் பீட்டரால் வந்த வினை. கடைசி வாரத்தில் ஹென்ட்ரிக் மாமாவுக்கு ஆங்கிலம் மறந்துபோய், வாயில் டச்சு மட்டும் மிஞ்சியது. ஓக்லாந்தில் பிறந்து வளர்ந்த மகன் பீட்டருக்கோ டச்சில் ஒரு சொல்கூடத் தெரியாது. டோறின் பால் வாங்கத் தெருமூலைக் கடைக்குப் போய் வருவதற்குள் மாமா போய்விட்டார்.

"லாச்சர், லாச்சர்னு ரெண்டு தரம் சொன்னார்," என்றான் பீட்டர். "பக்கத்தில இருந்த என் பேரை ஒரு தரம் சொல்லல."

அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். யார் அந்த லாச்சர் என்று டெலிபோன் டிரெக்டரியில் ஒவ்வொரு லாச்சரையும் கூப்பிட்டான். 'வாறேன்' என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

டோறினுக்கு மாமாவின் கதைகள்தான் நினைவில் ஓடின. ஞாயிறு தவறாமல் சாப்பாட்டு மேசையில் அவர் பிறந்த நீவர்டைக் கிராமம் வந்துவிடும். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஊர். ஒரே தெரு, தெருவின் முடிவில் மண் அணை, அணைக்கு அந்தப் பக்கம், வீட்டுக் கூரைகளுக்கு மேலே கடல். அவருடைய தாத்தா காலத்தில் அணை உடைந்து, ஊர்ப் பசுக்கள் எல்லாம் தேவாலயக் கோபுரத்தைச் சுற்றி நீந்தினவாம்.

"போன கிழமை ஆறு பசு எண்டியள், இந்தக் கிழமை அறுபதா?" என்று டோறின் சீண்டுவாள்.

"கன்று போட்டிருக்கும்," என்பார்.

அதற்குப் பிறகுதான் ஊரில் அணைக் காவல் வந்ததாம். ஆள் மாறி ஆள் அணைமேல் நடக்க வேண்டும். தண்ணீர் ஏறினால் விசில். மாமாவும் இளவயதில் அப்படி நடந்தவராம். காவல்காரன் செத்தால் அடுத்தவன் குழியடியில் நின்று விசில் ஊத வேண்டும். ஊதாவிட்டால் செத்தவனுக்கு வேலை முடியாது. 'அப்பா, கறி ஆறுது,' என்று பீட்டர் நடுவில் வெட்டிவிடுவான்.

டோறினின் சமையலறைக்குள் முதல்தரம் வந்தபோது மாமா அவள் தமிழில் போஞ்சி என்ற சொல்லைக் கேட்டு வியந்தார், ஆபீசைக் கந்தோர் என்றதும் கைதட்டினார், கக்கூஸைக் கேட்டு அழுமட்டும் சிரித்தார். "எல்லாம் எங்க சொல்! யாழ்ப்பாணத்தில ஆண்டுபோட்டுப் போகேக்க எங்க ஆட்கள் மறந்து விட்டிட்டு வந்தது!"

"திருப்பித் தரமாட்டம், மாமா," என்றாள் அவள்.

வாசலில் சவ வண்டி வந்து நின்றது. குசினியில் இருந்து தங்கை ஷாமிலா கத்தினாள்.

"அக்கா! கேக் வெட்டுற கத்தி எந்த லாச்சிக்குள்ள கிடக்கு?"

"அடுப்புக்குப் பக்கத்து லாச்…"

டோறின் அப்படியே நின்றாள்.

ஷாமிலா எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, பேயடிச்ச மாதிரி?"

"ஷாமிலா, லாச்சியும் மாமான்ர டச்சுச் சொல்லடி!"

ஓடினாள். மாமாவின் கட்டிலோரச் சின்ன மேசையில் ஒரேயொரு லாச்சி. இழுத்தாள். இறுகியிருந்தது. காலை மேசையில் ஊன்றி இழுத்ததில் லாச்சியே கையோடு வந்துவிட்டது. உள்ளே பெப்பர்மின்ட், பழைய கண்ணாடி, கைக்குட்டையில் சுற்றிய பித்தளை விசில்.

வாசலில் நின்ற பீட்டரின் உள்ளங்கையில் அதை வைத்தாள்.

"அவர் ஆளைக் கேக்கேல்ல. லாச்சியை… ட்ராயரைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். உங்களிட்ட."

பீட்டர் விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, பூவைச் சரிசெய்துகொண்டிருந்த லாச்சரைப் பார்த்தான்.

"அவரிட்ட என்ன சொல்றது?"

"ஒண்டும் சொல்லாதேங்கோ. பாவம், கழுத்தில ரை எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்."

மயானம் மேட்டில் இருந்தது. பாதிரியார் ஜெபத்தை முடித்ததும் பீட்டர் விசிலை வாயில் வைத்து ஊதினான். காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள்.

லாச்சர் கிட்டப் போனார். "தம்பி, முப்பது வருசம் ரக்பி நடுவரா இருந்தவன். நான் ஊதட்டுமா?"

"இல்லை சார்," என்றான் பீட்டர். "இது என் முறை."

விசிலைத் தட்டித் தூசி உதிர்த்து, மூச்சை இழுத்து ஊதினான். சரிவு முழுக்கக் கேட்டது. எங்கிருந்தோ இரண்டு நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து குழியடியில் உட்கார்ந்தன. பாதிரியாரே சிரித்துவிட்டார்.

எல்லாரும் காரில் ஏறினார்கள். லாச்சர் சாண்ட்விச் டப்பாவைத் திறந்து ஷாமிலாவிடம் நீட்டினார். பீட்டரை மட்டும் காணவில்லை. டோறின் திரும்பிப் பார்த்தாள். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவன் மேட்டின் விளிம்பில் நின்றான். கீழே, தூரத்தில், மனுக்காவு கடலில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.