சத்திரக்காரன் மகள் சொன்ன பொய்

1

“நிக்க மாட்டேன்னா நிக்க மாட்டேன். கால் வலிக்குதுன்னா சொல்றேன்? மாட்டேன்னு சொல்றேன்.”

“அப்போ என் வீட்டுக்கு மருமகளாவும் வர மாட்டே. அதையும் சேர்த்துச் சொல்லிக்க!”

இந்தக் கதை இந்தக் கூச்சலில்தான் பிறந்தது. ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். நான் அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். துணி காலையிலேயே காய்ந்துவிட்டது. அதையே எடுத்து எடுத்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன். கீழே பக்கத்து வீட்டு நவூமின் முற்றம். மாட்டேன் என்றவள் அவர் மகள் வதாத், பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித்தருகிறவள். மற்றவள் உம் ஃபாரெஸ், அதாவது ஃபாரெஸின் அம்மா. எங்கள் மலையில் பிள்ளை பிறந்ததும் பெற்றவளின் சொந்தப் பேர் காணாமல் போய்விடும். அந்த ஃபாரெஸுக்கும் வதாத்துக்கும் நிச்சயம் ஆகியிருந்தது.

நவூம் குறுக்கே வந்து, “காபி ஆறுது, உம் ஃபாரெஸ்,” என்றார்.

“ஆறட்டும். பொய் சொன்ன வீட்டுக் காபி.”

2

எங்கே நிற்க வேண்டும், என்ன பொய் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

‘லெபனான் மலைச்சிகரங்களில் பனி படர்ந்திருந்த அந்த...’ [அடித்துவிட்டேன். புனித மாரினாவின் திருநாள் ஜூலையில் வருகிறது.]

‘துறவி என்பவன் யார்? பெண் என்பவள்...’ [இதுவும் வேண்டாம். இரண்டுக்குமே எனக்கு விடை தெரியாது.]

சும்மா சொல்லிவிடுகிறேன். மனைவி இறந்ததும் ஒருவர் துறவியாக ஆண்கள் மடத்துக்குப் போனார். மகள் மாரினாவை விட்டுப் போக மனமில்லாமல் அவள் முடியை வெட்டி, மாரினோஸ் என்று பேர் மாற்றி, பையனாக்கிக் கூட்டிப்போனார். தாடி முளைக்காததைக் கடும் விரதத்தின் பலன் என்று மற்ற துறவிகள் வியந்தார்களாம். [ஆண்கள் கவனிக்கும் லட்சணம்.] ஒருநாள் வெளிவேலையாகப் போன மாரினோஸ் ஒரு சத்திரத்தில் தங்கினாள். அதே இரவு ஒரு சிப்பாயும் தங்கினான். பிறகு சத்திரக்காரன் மகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றபோது, கைகாட்டியது துறவியை. ‘நான் பெண்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. மாரினா சொல்லவில்லை. மடம் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. வாசலிலேயே கிடந்து, அந்தப் பிள்ளையையும் வளர்த்தாள். செத்தபின் குளிப்பாட்டும்போதுதான் விஷயம் தெரிந்தது.

அந்தச் சத்திரம் எங்கள் ஊரில் இருந்தது என்பது எங்கள் நம்பிக்கை. நவூமின் வீடு அந்தச் சத்திரக்காரன் வழிவந்த வீடு. ஆகவே அந்தப் பொய்க்குப் பரிகாரமாகத் திருநாளன்று அந்த வீட்டுப் பெண் ஒருத்தி பூசை முடியும்வரை கோயில் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும், அன்று மாரினா நின்றதுபோல. வதாத்தின் அம்மா நின்றாள். அவள் இறந்தபிறகு வதாத் நின்றாள். இந்த வருஷம் மாட்டேன் என்கிறாள்.

உம் ஃபாரெஸுக்கு வேறு பயம். பால் சுரக்காத தாய்மார் எங்கள் பக்கம் மாரினாவிடம்தான் வேண்டிக்கொள்வார்கள். “அவளைப் பகைச்சுக்கிட்டு வர்றவளுக்குப் பிள்ளை பிறந்தா, பாலுக்கு நான் எங்க போவேன்?” என்றாள். அது வெறும் வீம்பு இல்லை. அவளுடைய முதல் குழந்தை பால் இல்லாமல் செத்துப்போனது. [இதைக் கதையில் சேர்ப்பதா என்று யோசித்தேன். சேர்க்காவிட்டால் அவளை வில்லியாக்கிவிடுவீர்கள்.]

3

வதாத் கணக்கு டீச்சர் அல்லவா. கதை நிஜமா என்று பார்த்துவிடுவது, பொய்யானால் கதவைத் தாண்டி உள்ளே போவது என்று கிளம்பிவிட்டாள். பள்ளத்தாக்கு மடத்தில் பழைய ஏடுகளைப் பார்த்துக்கொள்ளும் இல்யாஸ் சாமியாரிடம் போனாள். [நான் கூடப் போகவில்லை. அவள் ஃபாரெஸிடம் சொல்ல, அவன் தங்கையிடம் சொல்ல, தங்கைக்கு என் வீட்டு ரொட்டி அடுப்பைவிட்டால் வேறு அடுப்பு இல்லை.]

“சாமி, இது எங்க ஊர்ல நடந்ததுதானா?”

“ஒரு ஏட்டுல இந்த மலை. இன்னொண்ணுல அலெக்சாந்திரியா பக்கம். வேறொண்ணுல துருக்கிக் கரை. உடம்பு எங்ககிட்ட இருக்குன்னு வெனிஸ்காரன் சொல்றான்.”

“அப்போ கட்டுக்கதை.”

“நாலு பேர் நாலு ஊர் சொன்னா ஆளே இல்லைன்னு ஆயிடுமாம்மா? இருந்தாள்னு என்னால காட்ட முடியாது. இல்லைன்னும் காட்ட முடியாது.”

“சத்திரக்காரன் மக பேரு?”

“எதுலயும் இல்ல.”

“அந்தச் சிப்பாய் பேரு?”

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். “அவனைப் பத்தி இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல.”

4

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், “நம்ம வீடுன்னு எங்கயும் எழுதலப்பா,” என்றாள். அவர் மகிழ்வார் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்: ‘நவூமின் கண்களில்...’ [கிழித்தாயிற்று.] நவூம் எகிறிக் குதித்தார்.

“யாரு சொன்னா? அந்த ஏட்டுக்காரனா? ஊர்ல எத்தனையோ வீடு இருக்கு, எது கதையில இருக்கு? நம்ம வீடு இருக்கு!”

“பொய் சொன்ன வீடாப்பா.”

“இருந்தா என்ன? திருநாளன்னைக்கு ஊரே திரும்பிப் பாத்தது உங்கம்மாவத்தான், அப்புறம் உன்னத்தான். அதையும் பிடுங்கிட்டு நம்மள வெறும் ஆப்பிள் விக்கிறவனா ஆக்கிடாத!”

5

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. தள்ளிப் பார்த்தேன். சத்திரக்காரன் மகளையே நேரில் கூட்டிவந்து பேசவிடலாம் என்று தோன்றியது.

‘அப்பா கையில் விறகுக்கட்டை இருந்தது. யார் என்று கேட்டார். சிப்பாய் போய்விட்டான், போகாமல் இருந்தாலும் அவனிடம் வாள் இருந்தது. துறவியிடம் ஒன்றும் இல்லை. ஆகவே நான்...’

இதற்குமேல் அவள் பேசவில்லை. எனக்கும் அவளைத் திட்ட வரவில்லை. விட்டுவிட்டேன். ஆனால் வாள் என்று எழுதியதும் பேனா நின்றது. எங்கள் ஊரில் வாள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. உம் ஃபாரெஸ் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அவர்களுக்குப் படைக்கார வீடு என்று பேர். வருகிற விருந்தாளிக்கெல்லாம் காபிக்கு முன்னால் வாள்தான் காட்டுவாள்: “இந்தக் கணவாயக் காத்தவங்க எங்க ஆளுங்க. வேற சிப்பாயே இந்தப் பக்கம் கிடையாது, ஆமா!”

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. [ரொட்டி அடுப்பருகே ஒரே ஒரு வார்த்தை.]

6

திருநாள். கோயில் கதவருகே வதாத் வழக்கமான இடத்தில் நிற்காமல் படியேறினாள். உம் ஃபாரெஸ் குறுக்கே கை நீட்டினாள். ஃபாரெஸ் அம்மாவின் கையைப் பார்த்தான், வதாத்தைப் பார்த்தான், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தான்.

“அத்தை, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கதை நிஜமா?”

“நிஜமில்லாம? சாமி குத்தம், பேசாத!”

“அப்போ அந்தச் சிப்பாய் யார் வீடு?”

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். வதாத் கரும்பலகையில் எழுதுகிற குரலில் சொன்னாள்: “இந்தப் பக்கம் வேற சிப்பாயே கிடையாதுன்னு நீங்கதான் சொல்வீங்க. நிஜம்னா நானும் நிக்கிறேன், நீங்களும் வந்து நில்லுங்க. நிஜமில்லைன்னா ரெண்டு பேரும் உள்ள போவோம்.”

இந்த ஊரிலேயே மாரினாவை ஐயமற நம்பிய உம் ஃபாரெஸ் ஒரு நொடியில் ஆராய்ச்சிக்காரி ஆனாள். “அது... எத்தனை நூறு வருஷக் கதை. யாரு கண்டா?” என்றாள். சொன்ன வேகத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. பால் இல்லாமல் போன குழந்தையை நினைத்திருப்பாள்.

அப்போது பார்த்துப் பூசை மணி அடித்தது, நான் உள்ளே ஓடினேன்.

7

நான் பாடகர் குழு. எனக்கு முன்வரிசை, முகம் பீடத்தைப் பார்த்து. தலையைத் திருப்பினால் குழுத்தலைவர் தொடையில் கிள்ளுவார். இந்த ஊரில் என் கண்ணுக்குத் தப்பி நடந்தது இது ஒன்றுதான், அதுவும் என் முதுகுக்குப் பின்னால்.

விசாரித்தேன். இரண்டு பெண்களும் கதவுக்கு வெளியே பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், வெயிலுக்கு ஒரே முக்காட்டைப் பிடித்துக்கொண்டார்கள் என்கிறார் மணியடிக்கிறவர். வதாத் உள்ளே வந்துவிட்டாள், உம் ஃபாரெஸ் தனியாக வெளியே நின்று அழுதாள் என்கிறாள் அவள் மகள். இருவரும் உள்ளே வந்தார்கள், நவூம்தான் பிடிவாதமாக வெளியே நின்றார் என்பது வேறொரு ஆப்பிள் தோட்டக்காரர் சாட்சி. ஃபாரெஸைக் கேட்டதற்குச் சிரித்தான். நடந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை; அதற்குள் இத்தனை ஏடுகள். இல்யாஸ் சாமியாரை இனி நான் கேலி செய்ய மாட்டேன்.

மூன்றில் எது என்று நான் சொல்லப்போவதில்லை. கதவுப்பக்கம் நின்றவர் நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்டதைச் சொல்லுங்கள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். ஆப்பிள் பறிப்பு முடிந்ததும் வதாத்துக்கும் ஃபாரெஸுக்கும் கல்யாணம் நடந்தது, சிட்னிக்குப் போய்விட்டார்கள். ஃபாரெஸின் தங்கை மலைக்குக் கீழே திரிப்போலி நகரில் வாக்கப்பட்டாள், என் அடுப்புக்கு இப்போது ஆள் இல்லை. நவூம் அடுத்த திருநாளுக்குத் தானே நிற்பதாகச் சொல்லி, கோயில் கதவோரம் இப்போதே நாற்காலி போட்டு இடம் பிடித்திருக்கிறார். போன வாரம் உம் ஃபாரெஸ் வீட்டுக்குப் போனேன். காபி உடனே வந்தது. கூடத்துச் சுவரில் வாள் இல்லை. அது தொங்கிய இடம் மட்டும் சுண்ணாம்பு மங்காமல் நீளமாக, வெள்ளையாக இருந்தது.