மீன்முள் காலனியின் காற்றுக் கணக்கு

கணபதி ஊருக்குக் கிழக்கே மீன்முள் காலனிக்கு மேலே ஷாஃப்ட் என்கிற ஒரு பெரிய இரும்பு உருளை சுற்றிக்கொண்டிருக்கிறது. காலனிதான் அதைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங். எண்ணெயோ கிரீஸோ கிடையாது. வீடுகளுக்கு மேலே நிற்கிற காற்றுதான் அதைத் தாங்குகிறது. அதற்காகவே வீடுகளை மீன்முள் மாதிரி சாய்வு சாய்வாகக் கட்டி, ஒரு வரிசையை மேட்டிலும் அடுத்த வரிசையைப் பள்ளமான காடியிலும் வைத்திருக்கிறார்கள். காடிகளின் வழியாகக் காற்று இரண்டு பக்கமிருந்தும் ஓடிவந்து நடுவீதியில் சேரும். கொடியில் போட்ட லுங்கி பறந்துபோனால் யாரும் தேடுவதில்லை. சாயங்காலம் நடுவீதிக்குப் போனால் எல்லார் லுங்கியும் அங்கே கிடக்கும்.

காற்று சும்மா தாங்காது. கணக்குப் போட வேண்டும். காலை ஆறு மணிச் சங்கு ஊதியதும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் முன்வீடு, பின்வீடு, இந்தப் பக்கத்து வீடு, அந்தப் பக்கத்து வீடு என்று நாலுக்கும் போய், "உங்களுது எவ்வளவுங்க?" என்று அந்த வீட்டுக் காற்றின் எண்ணை வாய்விட்டுக் கேட்க வேண்டும். நாலையும் கூட்டி, நாலால் வகுத்து, காடி வீடாக இருந்தால் கொஞ்சம் கூடச் சேர்த்து, தன் கதவின் உட்பக்கம் சாக்பீஸால் எழுத வேண்டும். எழுதிய அளவுக்குத்தான் காற்று அந்த வீட்டின் மேல் முட்டுக் கொடுக்கும். வரவேண்டிய எண்ணுக்கும் எழுதியிருக்கிற எண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால் அதற்கு மிச்சம் என்று பெயர். மிச்சம் நிற்கிற வீட்டின் பக்கம் ஷாஃப்ட் சாயும்.

எட்டாம் நம்பர் வீட்டு ஆறுக்குட்டி, பம்பு கம்பெனியில் முப்பது வருடம் அரம் போட்டு ஓய்ந்தவர். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என்றாலும் நாலால் வகுப்பதில் ஒருநாளும் பிசகியதில்லை. ஆனால் அவர் மூன்று வீட்டுக்குத்தான் போவார். ஒன்பதாம் நம்பர் நஞ்சப்பன் வீட்டு வாசலை அவர் மிதித்துப் பதினோரு வருடமாகிறது.

அந்த வருடம் நஞ்சப்பன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையை, முறைப்படி சம்சாரம் ராமாத்தாளோடு ஜோடியாக வந்து தட்டில் வைத்துக் கொடுக்காமல், கேட்டில் தொங்கிய பால் பையில் போட்டுவிட்டுப் போனான். பத்திரிகை நனைந்து மாப்பிள்ளை பெயர் பாதி அழிந்துபோயிருந்தது. அன்று காலை நஞ்சப்பன் சொன்ன எண் ஒன்று புள்ளி நாலு. அதையே ஆறுக்குட்டி இன்றுவரை போட்டுக்கொண்டு வந்தார்.

இந்த ஆடியில் ஷாஃப்ட்டின் வேகத்தைக் கூட்டினார்கள். எல்லா வீட்டு எண்ணும் ஏறியது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் மேலே மட்டும் காற்று பழையபடியே மெலிந்து நிற்க, ஷாஃப்ட் அந்தப் பக்கம் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை எட்டாம் நம்பர் தென்னையின் கொண்டையை எடுத்தது. திங்கட்கிழமை தண்ணீர்த் தொட்டியின் மூடி எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளத்தது. செவ்வாய்க்கிழமை மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த மிளகாயை ஷாஃப்ட் நைசாக அரைத்துவிட்டது. ஆறுக்குட்டியின் சம்சாரம் சரசாத்தாள் அதைச் சலித்து டப்பாவில் போட்டு வைத்தாள்.

அன்று மத்தியானம் காலனியின் எண்களைச் சரிபார்க்கிற கணக்கு ஆபீசிலிருந்து தில்ஷாத் மேடம் டேப்போடு வந்தார்.

"அண்ணா, காலனியில நூத்தி அறுபது வீடு. நூத்தி அம்பத்தெட்டுல மிச்சமே இல்ல. உங்க வீட்லயும் ஒம்பதுலயும்தான் நிக்குது."

"நான் மூணு வீட்டுக்குப் போயிட்டுத்தான வர்றனுங்க."

"நாலுங்கண்ணா."

"நாலாவது ஆளு நம்பர நான் மறக்கலீங்க. பதினோரு வருசமா மனப்பாடமா வெச்சிருக்கறேன்."

மேடம் ஷாஃப்ட்டுக்கும் மாடிக்கும் நடுவே டேப்பை நீட்டிப் பார்த்தார். "நாளைக்கு மேல்கூரை. நாளான்னிக்கு ஜன்னல். வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு வாசப்படிக்கு வந்துரும். அப்புறம் எட்டாம் நம்பர்னு ஒரு வீடு இருக்காது. ஒம்பதும் இருக்காது."

"ஒம்பதும் இருக்காதுங்களா?"

"இருக்காது."

ஆறுக்குட்டிக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனாலும் அந்த ஒன்பதாம் நம்பர் வீட்டைக் கட்டும்போது ஒவ்வொரு கல்லையும் அவர்தான் தூக்கிக் கொடுத்திருந்தார்.

"இவருக்குப் பதிலா நான் போய்க் கேட்டா ஆகாதாம்மா?" என்றாள் சரசாத்தாள்.

"கதவுல யாரு பேரோ அவங்கதான் கேக்கணுங்க்கா."

"எம் பேரப் போட்டிருந்தா இது பத்து வருசத்துக்கு முன்னாலயே முடிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் மிளகாய்த்தூளில் ஒரு பொட்டலம் கட்டி மேடத்துக்குக் கொடுத்தாள்.

புதன்கிழமை காலை கூரை போயிற்று. வெயிலில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது ஆறுக்குட்டிக்கு ஒரு யோசனை வந்தது. நஞ்சப்பனின் எண்ணும் நாலு வீட்டு எண்ணைக் கூட்டி வகுத்ததுதானே? அந்த நாலில் மூன்றை அந்தந்த வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். நாலாவது தன் வீடு. நஞ்சப்பன் மூஞ்சியில் முழிக்காமலே நஞ்சப்பனின் எண்ணை எடுத்துவிடலாம். காலனியை இரண்டு சுற்றுச் சுற்றி, கூட்டி, வகுத்து, கதவில் எழுதினார். ஷாஃப்ட் ஒரு நூல்கூட ஏறவில்லை.

காரணம் அவருக்கே தெரிந்தது. நஞ்சப்பனும் பதினோரு வருடமாக எட்டாம் நம்பருக்கு வருவதில்லை. அவனும் ஏதோ ஒரு பழைய எண்ணைத்தான் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். பத்திரிகை வந்த அன்று காலை தன் வீட்டு எண் என்னவென்று ஆறுக்குட்டிக்கு நினைவில்லை. அது நஞ்சப்பன் மனதில் மட்டும்தான் இருந்தது. தன்னைப் பற்றி அவன் என்ன வைத்திருக்கிறான் என்று தெரியாமல் அவன் எண்ணைக் கண்டுபிடிக்க வழியில்லை.

வியாழக்கிழமை ஜன்னல்கள் போயின. சரசாத்தாள் உட்கார்ந்தபடியே சமைத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் தவழ்ந்தபடி சமைத்தாள். ஒன்றரை மணிக்கு ஆறுக்குட்டி காம்பவுண்டுச் சுவரோரம் மல்லாந்து படுத்திருந்தார். சுவர் முழங்கால் உயரம்தான் மீந்திருந்தது. ஷாஃப்ட் மூக்குக்கு ஒரு சாண் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடி மாதிரியான அதன் பளபளப்பில் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த நஞ்சப்பனின் முகம் தெரிந்தது. மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. அது எப்போது விழுந்தது என்று ஆறுக்குட்டிக்குத் தெரியவில்லை.

"கல்யாணத்துக்கு ஏன் இன்னும் வரல?" என்றான் நஞ்சப்பன்.

"யாரு கூப்புட்டா?"

"பத்திரிக்க வெச்சனே."

"பாலுக்கு வெச்ச. எனக்கு வெக்கல. பால் வந்துச்சா?"

நஞ்சப்பன் சுவர்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து படுத்தான்.

"அன்னிக்கு ராமாத்தாளுக்குக் கால் சுளுக்கு. ஒத்தையா வந்து கூப்புட்டா மொறையில்லைன்னு பாத்தேன்."

"அத அன்னிக்கே வந்து சொல்லித் தொலையறதுக்கென்ன?"

"சொல்றதுக்கு வூட்டுக்குள்ள வரணுமே. ஒத்தையா வந்தா மொறையில்லையே."

ஆறுக்குட்டி யோசித்துப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"இப்பக் கால் எப்படியிருக்குது?"

"அதெல்லாம் அன்னிக்குச் சாயந்தரமே சரியாப்போச்சு."

நஞ்சப்பன் ஊர்ந்து உள்ளே போனான். பத்து நிமிடத்தில் அவனும் ராமாத்தாளும் ஜோடியாக ஊர்ந்து தெருவைச் சுற்றி எட்டாம் நம்பர் வாசலுக்கு வந்தார்கள். முன்னால் ஒரு தாம்பாளத்தைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். வெற்றிலை, பாக்கு, குங்குமம், மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. வாழைப்பழச் சீப்பின் நுனிகளை மட்டும் ஷாஃப்ட் சீவியிருந்தது. சரசாத்தாள் பாய் விரித்தாள். நாலு பேரும் அதில் படுத்துக்கொண்டார்கள்.

"குடும்பத்தோட முன்னாடியே வந்து நின்னு நடத்திக் குடுக்கோணுமுங்க" என்றார் நஞ்சப்பன்.

ஆறுக்குட்டி பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தார். மாப்பிள்ளை பெயர் முழுதாக இருந்தது.

"வர்றமுங்க" என்றார். பிறகு, "உங்களுது எவ்வளவுங்க?"

"ரெண்டே கால். உங்களுது?"

"இருங்க, போட்டுச் சொல்றேன்."

கூட்டி, நாலால் வகுத்து, கதவில் மீந்திருந்த ஒரு சாண் பலகையில் எழுதி, சத்தமாகச் சொன்னார். நஞ்சப்பன் வீட்டுக்குப் போய்த் தன்னுடையதைத் திருத்திக்கொண்டு வந்தார். ஆறுக்குட்டி மறுபடி கேட்டார். மறுபடி திருத்தினார். ஆறாவது நடைக்கு நஞ்சப்பன் குனிந்து வந்தார். ஒன்பதாவது நடைக்கு நிமிர்ந்து வந்தார். ஷாஃப்ட் பழைய இடத்துக்குப் போய்விட்டது. எட்டாம் நம்பர் வீடு முழங்கால் உயரம் இருந்தது. ஆனால் இருந்தது.

பத்திரிகையில் ஞாயிற்றுக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம் என்று போட்டிருந்தது. ஆறுக்குட்டி பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு சரசாத்தாளோடு மண்டபத்துக்குப் போனார். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் இன்னும் மாலையோடு நின்றிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு முன்வழுக்கை விழுந்திருந்தது. அஞ்சாம் வகுப்பும் மூணாம் வகுப்பும் படிக்கிற அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் நாதஸ்வரக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டாங்க" என்று யாரோ சொன்னார்கள்.

எல்லோரும் படத்துக்கு நிற்கிற வரிசையில் இரண்டு ஆள் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருந்தது. அது ஓரத்தில் இருந்தது. ஆறுக்குட்டி அதைக் கவனித்து மனதில் வைத்துக்கொண்டு, போய் நின்றார்.

போட்டோக்காரர் பதினோரு வருடமாக மூடியிருந்த ஒரு கண்ணைத் திறந்து, துடைத்து, மறுபடி மூடினார்.

"அவ்வளவுதாங்க. இப்ப யாரும் அசையாதீங்க."